சேற்றில் லாக்லன்

லாக்லன் ட்வீடியின் குரல் ரேடியோவில் வந்தபோது ரோனா புல்லரின் கையில் ஒரு பூனை இருந்தது. போர்ட் சால்மர்ஸ் என்ற துறைமுக ஊரின் மிருக ஆஸ்பத்திரியில் அவள் வேலை முன்மேசையில்தான். ஆனாலும் முரண்டு பிடிக்கிற பூனைகளை அமுக்கிப் பிடிக்க அவளைத்தான் உள்ளே கூப்பிடுவார்கள். நர்ஸ் பானியா டீப்பா அதன் காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க செல்போன் விளையாட்டுல கடல் ஏறி வர்ற விதம் இருக்கே, அதைத்தான் எல்லாரும் பேசுறாங்க. அது எப்படித் தோணிச்சு?" என்று கேட்டார் பேட்டி எடுத்தவர்.

"ஒரு நாள் கரையோரமா சும்மா நடந்துகிட்டிருந்தேன். எல்லாம் தானா வந்துச்சு," என்றான் லாக்லன். அவன் சிரிப்பதும் கேட்டது. "ஆரம்பத்துல ஒரு மாதிரி இருந்துச்சு, பிராக்கெட்டா அள்ளிக் கொட்டின ஒரு பொம்மைக் கம்ப்யூட்டர் மொழியில. அதைக் குப்பையில போட்டுட்டுத்தான் உருப்படியா வேலையே ஆரம்பிச்சேன். ஒரு தோழி சோதிச்சுப் பார்க்க உதவினாங்க. பாவம், நல்லவங்க."

பானியாவின் கை அந்தரத்தில் நின்றது. "ஏய், அது உன் கடல் இல்லையாடி?"

ரோனா பிடியை இறுக்கினாள். பூனை சீறி அவள் மணிக்கட்டை நீளமாகக் கீறிவிட்டது. ரத்தம் வந்த பிறகுதான் அவளுக்கு வலித்தது.

அது அவள் கடல்தான். ஆரமோவானாவில் பிறந்தவள் அவள். துறைமுகத்தின் வாயில், மணல்திட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு தகர வீடு. கடல் வற்றும் நேரத்தில் வீட்டுக்கு முன்னால் சேற்றுவெளி மைல் கணக்கில் விரிந்து கிடக்கும். வாளியோடு மட்டிச் சிப்பி பொறுக்கப் போவார்கள். கடல் அங்கே சமமாக ஏறாது. முதலில் ஓடைகளுக்குள் சத்தமில்லாமல் புகுந்து சுற்றிக்கொண்டு வரும். முன்னால் பார்த்துக்கொண்டே மட்டி தோண்டுகிறவனுக்குப் பின்னால் தண்ணீர் ஏறியிருக்கும். கரைக்குத் திரும்பும் வழி எப்போது போனதென்றே அவனுக்குத் தெரியாது. ஒரு தடவை அவளுடைய சித்தப்பா அப்படி மாட்டிக்கொண்டு, இடுப்பளவுச் சேற்றில் நின்றபடி படகுக்காகக் கத்தியிருக்கிறார். அவர் முகத்தை அவள் மறக்கவில்லை.

அந்தக் கடலை ஒரு விளையாட்டுக்காக அவள் எழுதியது வேகா என்ற கம்ப்யூட்டர் மொழியில். கம்ப்யூட்டரில் நிரல் எழுதுகிறவர்களில்கூட அதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. லிஸ்ப் என்ற பழைய குடும்பத்தில் கடைசியாகப் பிறந்த குட்டி அது. அந்தக் குடும்பத்து மொழிகள் எல்லாவற்றையும் போல, எதை எழுதினாலும் அடைப்புக்குறிக்குள்தான் எழுத வேண்டும். அடைப்புக்குள் அடைப்பு, அதற்குள் இன்னொன்று. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வுபெற்ற ஆஸி கெம்பர் என்பவர் அதைத் தன் சந்தோஷத்துக்காக உண்டாக்கினார். முகாம் போட்டவர்களின் கரண்டியையும் காலுறையையும் தூக்கிக்கொண்டு ஓடும் திருட்டுப் பறவையின் பெயரையே அதற்கு வைத்தார். "நானும் நாலு மொழியிலேர்ந்து தூக்கினதுதான், எதுக்கு மறைக்கணும்?" என்பார்.

சனிக்கிழமை மதியங்களில் போர்ட் சால்மர்ஸ் பழைய மண்டபத்தில் வேகாக்காரர்கள் கூடுவார்கள். ஹீட்டர் ஒரு மூலையை மட்டும் சூடாக்கும். எல்லாரும் அந்த மூலையில் மடிக்கணினியோடு நெருக்கியடித்துக்கொண்டு உட்காருவார்கள். சீஸ் ரோல் ஒரு தட்டு வரும். சின்னச் சின்ன விளையாட்டுகள் செய்வார்கள். பனி உறைந்த மேட்டில் வழுக்கும் பஸ்ஸை மேலே ஏற்றும் விளையாட்டு ஒன்று. பின்னோக்கியே நடக்கும் ஆட்டை வேலிக்குள் கொண்டுபோகும் விளையாட்டு ஒன்று. வேகாவில் ஒரு வசதி உண்டு. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வரிகளைத் திறந்து மாற்றலாம். ஆடு நடந்துகொண்டே இருக்கும், அதற்கு நீங்கள் இறக்கை எழுதிக் கொடுத்தால் பாதி வழியில் பறக்கத் தொடங்கிவிடும். ரோனாவுக்கு அந்த மொழி பிடித்துப்போனது அதனால்தான்.

லாக்லன் அங்கே வந்தபோது அவனுக்கு நிரல் அவ்வளவாக வராது. ஆனால் படம் போடுவான். அவன் போட்ட சேற்றைப் பார்த்தால் கால் பதியும் போல இருக்கும். இருவரும் சேர்ந்து 'மட்டி' என்ற விளையாட்டைச் செய்தார்கள். வாளி நிறைய மட்டி பொறுக்கிக்கொண்டு கடல் ஏறுவதற்குள் கரை சேர வேண்டும், அவ்வளவுதான். கடலை அசைத்தது ரோனாவின் நிரல். தண்ணீர் நிற்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் எது தாழ்வு என்று தேடு, அங்கே போ, போய் இதையே திரும்பச் செய். தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் அந்தக் கட்டளை மொத்தமே உள்ளங்கையில் எழுதிவிடக் கூடிய அளவுதான். அதை எழுத அவளுக்கு ஒரு குளிர்காலம் ஆனது. மண்டபத்தில் முதல் தடவை ஓட்டிக் காட்டிய அன்று, ஓடை வழியாகத் தண்ணீர் பின்னால் வந்ததைப் பார்த்து ஆஸி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

அவர்களுக்குள் காதல் கீதல் எதுவும் இல்லை. ஊர்தான் உண்டென்று நினைத்தது. இருந்திருந்தால்கூடப் போனால் போகிறது என்று விட்டிருப்பேன் என்று ரோனா பிற்பாடு பானியாவிடம் சொன்னாள். நம்பிக்கை மட்டும்தான் இருந்தது.

பிறகு லாக்லனுக்குக் கல்யாணம், குழந்தை. கூட்டத்துக்கு வருவது நின்றது. ரேடியோவில் அவன் குரல் கேட்கும் வரைக்கும் 'ஏற்றம்' என்ற பெயரில் செல்போனில் ஊரெல்லாம் விளையாடிக்கொண்டிருந்தது தன் சேற்றுவெளிதான் என்று ரோனாவுக்குத் தெரியாது.

மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நின்று அவனுக்குப் போன் போட்டாள்.

"லாக்லன், ரேடியோ கேட்டேன்."

"அட ரோனா! எப்படி இருக்க? நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

"அது என்னோட கடல்."

லாக்லன் குரலைத் தாழ்த்தினான். "பாரு, ஒவ்வொரு வரியையும் நான் புதுசா வேற மொழியில எழுதியிருக்கேன். உன் வரி ஒண்ணுகூட அதுல இல்ல. கருன்னு பார்த்தா, கடல் ஏறுறது யாருக்கும் சொந்தமில்லையே? உனக்கு நன்றி போட்டிருக்கேன், கடைசித் திரையில பாரு."

பார்த்தாள். விளையாட்டை வாங்கி, முடியும் வரை ஆடி, கடைசித் திரைக்குப் போனாள். அவன் வீட்டு நாயின் பெயருக்குக் கீழே இருந்தது: 'ரோண்டா புல்லருக்கு நன்றி.'

பெயரைக்கூடத் தப்பாக எழுதியிருந்தான். திருட்டைவிட அந்த எழுத்துப் பிழைதான் அவளைக் கொளுத்தியது.

வக்கீலைப் பார் என்றாள் பானியா. ரோனா பார்க்கவில்லை. வசந்தத்தில் மண்டபத்தில் விளையாட்டு எழுதும் போட்டி வரும். எல்லாரும் ஒரே வாரத்தில் ஒரு விளையாட்டைச் செய்து கொண்டுவர வேண்டும். ரோனா வேலைக்கு விடுப்புப் போட்டாள். பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, குளிர்ந்த தெற்குக் காற்று கண்ணாடியை அறைய அறைய எழுதினாள். அந்த வாரம் அவள் எழுதிய எதிலும் பிழை வரவில்லை. ஓர் அடைப்புக்குறிகூட விட்டுப்போகவில்லை.

விளையாட்டின் பெயர் 'சேற்றில் லாக்லன்'. சேற்றுவெளியில் ஒருவன் போவான். லாக்லனுடைய அதே தொங்கல் நடை, அதே கம்பளித் தொப்பி. முதுகில் மூட்டை, மூட்டையில் 'என்னுடையது' என்று எழுதியிருக்கும். ஆடுகிறவர் அவன் இல்லை. ஆடுகிறவர் கடல். எந்த ஓடையில் முதலில் நுழைவது, எப்படிச் சுற்றி வளைப்பது என்பதுதான் விளையாட்டு. அவன் கரையை நோக்கி ஓடுவான்; மூட்டையைப் போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம்; ஆனால் அவன் போட மாட்டான். இடுப்பு வரை மாட்டிக்கொண்டதும் வாயைத் திறந்து, "கரையோரமா சும்மா நடந்துகிட்டிருந்தேன், எல்லாம் தானா வந்துச்சு," என்பான். பிறகு தொப்பி மட்டும் மிதக்கும்.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. பானியா சீஸ் ரோலைத் தட்டிலேயே துப்பிவிட்டாள். "ஐயோ, அந்தத் தொப்பி! அந்தத் தொப்பியைப் பாரேன்!"

"வேகாவில இதுவரைக்கும் யாரும் இவ்வளவு சுத்தமா எழுதல," என்றார் ஆஸி. "உனக்கு வருஷத்துக்கு ஒரு துரோகி தேவைப்படும் போல."

முதல் இடம் அவளுக்குத்தான். ரோனா அதோடு நிறுத்தவில்லை. விளையாட்டை நிரலோடு சேர்த்து எல்லாருக்கும் திறந்துவிட்டாள். ஓடும்போதே யாரும் மாற்றலாம். சேற்றில் நின்றுகொண்டு லாக்லன் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஆடுகிறவர்களே எழுதலாம். எழுதினார்கள். பல்கலைக்கழகப் பையன் ஒருவன் அதைச் செல்போனிலேயே ஓடும்படி செய்து கொடுத்ததும் பக்கத்து நகரமான டனீடனின் மாணவர்களிடம் தீப்பிடித்தது. பஸ்ஸில் பின் சீட்டில் யாரோ, "மூட்டையைப் போடுடா லாக்லன்!" என்று கத்துவதை ரோனா தன் காதால் கேட்டாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, துறைமுகத் தண்ணீரைப் பார்த்தபடி, இறங்கும் வரை சிரித்தாள்.

நூலகத்தில் லாக்லன் பேசுவதாக ஒரு கூட்டம் அறிவித்தார்கள். ரோனா போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் நாலைந்து மாணவர்கள் சேற்றில் இறங்கப் போகிறவர்கள் போல முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அவன் பேச எழுந்ததும் ஒன்றும் சொல்லாமல் காலை நீட்டிக்கொண்டார்கள். அவ்வளவுதான். சபை முழுக்கச் சிரித்தது. லாக்லனின் காது மடல்கள் சிவந்தன. தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைக்க இடம் தெரியாமல் தடுமாறினான். கண் தேடிக்கொண்டே வந்து கடைசி வரிசையில் அவளிடம் நின்றது. ரோனா நகரவில்லை. தலையை மட்டும் லேசாக அசைத்தாள், ஆமாம், நான்தான் என்கிற மாதிரி. வெளியே வந்து ஆட்டிறைச்சி வைத்துச் சுட்ட பை என்ற பணியாரம் ஒன்று வாங்கி, மழையில் நின்றுகொண்டே தின்றாள். வாழ்நாளில் அதைவிட ருசியாக எதையும் தின்றதில்லை.

கோடை தொடங்கும் சமயம், சாப்பாட்டு வேளையில் பானியா தன் செல்போனை மேசையில் வைத்து அவள் பக்கம் தள்ளினாள்.

"இது நீ பண்ணினதா?"

அதே சேற்றுவெளி. அதே தொப்பிக்காரன். ஆனால் அவனுக்குப் பின்னால் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண் நடந்தாள். கரையில் ஒரு வீடு, நீலக் கதவு, வாசலில் வளைந்த தபால் பெட்டி, லாக்லனின் வீடேதான். தண்ணீர் முதலில் அந்தப் பெண்ணைத்தான் சுற்றி வளைத்தது. அவள் மூழ்கினால் அதிகப் புள்ளி.

"நான் பண்ணல," என்றாள் ரோனா.

"தெரியும். ஆனா அந்தத் தண்ணி உன்னோடது. பிரைடின்னு பேரு அந்தப் பொண்ணுக்கு, லாக்லனோட மக. போன மாசம் முயலைத் தூக்கிட்டு இங்க வந்துச்சே, ஞாபகம் இல்ல? அது என்னடி பண்ணுச்சு உனக்கு?"

ரோனா திரும்பத் திரும்பப் பார்த்தாள். தண்ணீர் ஓடையில் திரும்பும் விதம் அவள் எழுதியது. ஒவ்வொரு வளைவும் அவளுக்குத் தெரியும். இரக்கம் அவளுக்கு அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். கடலைத் திருடினான் ஒருவன். அவனைப் பழிவாங்கக் கட்டியதையும் இன்னொருவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். என் கணக்கை நான் தீர்ப்பேன், நீ யாருடா நடுவில் என்று அவள் கொதித்தாள்.

அன்று மதியமே லாக்லன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். நாயோ பூனையோ கொண்டுவரவில்லை. இளைத்திருந்தான். தொப்பி இல்லை.

"பிரைடி ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிறா. பசங்க காட்டியிருக்காங்க. கடல் பக்கமே வர மாட்டேன்னு அழறா. அதை எடுத்துடு ரோனா."

"நான் அதை எழுதல."

"ஆனா உன்னோடதுலேர்ந்துதானே வந்துச்சு!"

ரோனா மேசையில் இரு கையையும் ஊன்றி எழுந்தாள். "ஓஹோ. எது எதுலேர்ந்து வந்துச்சுன்னு இப்ப உனக்குத் தெரியுதா? அதைப் பண்ணினவன் தன் வரியைத் தானே புதுசா எழுதியிருக்கான்யா. கடல் ஏறுறது யாருக்கும் சொந்தமில்லையே? நீதானே சொன்ன?"

 காத்திருந்த கிழவர் ஒருவர் தன் நாயின் காதைப் பொத்துவது போல அணைத்துக்கொண்டார்.

"என்ன வேணும் உனக்கு?" என்றான் லாக்லன் கடைசியில்.

"சனிக்கிழமை மண்டபத்துக்கு வா. எல்லார் முன்னாடியும் நின்னு, அந்தக் கடலை எழுதினது யாருன்னு சொல்லு. அப்புறம் உன் விளையாட்டுல முதல் திரையில என் பேரைப் போடு. எழுத்துப் பிழை இல்லாம."

"அடுத்த விளையாட்டுக்கு ஒப்பந்தம் பேசிட்டிருக்கேன். இதைச் சொன்னா போயிடும்."

"போகட்டும்."

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான். பானியா உள்ளேயிருந்து வந்து, "பேரம் பேச நல்ல பொருள் கெடச்சுதுடி உனக்கு," என்றாள்.  போய் மருந்து அலமாரியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த வார்த்தை ரோனாவைத் தைத்தது. பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் பிடித்தாள்.

யாரைத் தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வேகா எழுதுகிறவர்கள் முடிக்கும் அடைப்புக்குறிகளையெல்லாம் ஒரே வரியின் கோடியில் குவித்துவிடுவார்கள். ஒருவன் மட்டும் ஒவ்வொன்றையும் தனி வரியில், படிக்கட்டு மாதிரி இறக்கி எழுதுவான். மண்டபத்தில் எல்லாரும் கேலி செய்வார்கள். விளையாட்டைச் செல்போனுக்குக் கொண்டுபோன அதே மாணவன், கார்பன் லீஸ்க். சிவப்புக் கோட்டின் நிரல் முழுக்கப் படிக்கட்டாக இருந்தது.

அவன் குடியிருந்த வீட்டு வாசலில் உடைந்த சோபா ஒன்று மழையில் ஊறிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தவன் முகம் மலர்ந்தது. "ரோனா! நீங்களே வந்துட்டீங்களா! புதுசைப் பார்த்தீங்களா? அவனுக்கு உறைக்கட்டும்னுதான் பண்ணேன். உங்களுக்காகத்தான்."

"அழி."

"என்னது?"

"நான் நிக்கும்போதே அழி. எங்கெங்க போட்டிருக்கியோ அங்கெல்லாம். அந்தக் கொழந்தையோட பேரு, வீடு, எல்லாம்."

"நீங்கதானே யார் வேணா மாத்தலாம்னு சொன்னீங்க?" அவன் குரலில் உண்மையான குழப்பம் இருந்தது.

"சொன்னேன். இப்ப வேணாம்னும் நான்தான் சொல்றேன். அவன் என் பகையாளி. உனக்கு அவன் யாரு?"

அவன் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தான். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். திரும்பும் பஸ்ஸில்தான் அந்தச் சிவப்புக் கோட்டு கண்ணை விட்டுப் போகாமல் தொந்தரவு செய்தது. ஆடை நனைந்த பிள்ளையை ஆற்றங்கரையில் பார்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் லாக்லனுக்கு அவள் போன் செய்யவில்லை. அழித்தாயிற்று என்று சொல்லவில்லை. செல்போனைக் கையில் எடுத்தாள், வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை அவன் வந்தான். ஹீட்டர் மூலையில் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னான்.

"'ஏற்றம்' விளையாட்டுல இருக்கிற கடல், ரோனா எழுதினது. நான் படம் மட்டும்தான் போட்டேன். அவ எழுதினதைப் பார்த்துப் பார்த்துத்தான் வேற மொழியில மாத்தினேன். ரேடியோவில நான் சொன்னது பொய்."

"சத்தமா," என்றாள் ரோனா.

அவன் நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, இன்னொரு தடவை சொன்னான். ஆஸி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரும் கைதட்டவில்லை.

வெளியே படியில் அவன் அவளை நிறுத்தினான். "சொல்லிட்டேன். இப்ப அதை எடுத்துடுவல்ல?"

"அது அன்னைக்கே போயிடுச்சு. நீ ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போனியே, அன்னைக்குச் சாயங்காலமே."

வீட்டில் யாரும் அதைத் திறக்கக் கூடாது என்று வைத்திருந்தான் அவன், அதனால் தெரியவில்லை.  "அப்ப என்னை எதுக்கு வரவெச்ச?"

"நீ வரணும்னுதான்."

கையை நீட்டினான். சமாதானத்துக்கா, வேறு எதற்கா, அவனுக்கே தெரிந்திருக்காது. ரோனா அதைப் பார்த்தாள். பிறகு தன் இரு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அவள் பெயர் முதல் திரையில் வந்தது, சரியான எழுத்துகளோடு. அவன் பயந்தபடியே அடுத்த ஒப்பந்தம் கைநழுவியது. இதெல்லாம் நடந்த பின் ரோனாவுக்குத் தூக்கம் கெட்டதாகவோ மனது உறுத்தியதாகவோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் கோடை முழுக்க அவள் நன்றாக இருந்தாள். பனிமேட்டு பஸ் விளையாட்டைப் புதுப்பித்தாள். ஆனால் தன் விளையாட்டுகளின் நிரலை யாருக்கும் திறந்துவிடுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். ஆஸிக்கு அதில் வருத்தம்தான். மொழியின் உயிரே அதில்தானே இருக்கிறது என்பார். 

இலையுதிர் காலத்தில் பிரைடியை அவள் அம்மா முயலோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். அம்மா பானியாவிடம் உள்ளே பேசிக்கொண்டிருக்க, ரோனா மேசையில் முயலைப் பிடித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை எதிரே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்கப்பாவைத் தண்ணியில மூழ்கடிச்சது நீங்கதானே?"

"ஆமா," என்றாள் ரோனா.

"ஏன்?"

"உங்கப்பாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். சும்மா விளையாட்டுன்னு சொன்னார்."

அணைந்துவிட்டது என்று நினைத்த சூடு ரோனாவின் கழுத்து வரை ஏறியது. இன்னும் சொல்லவில்லை அவன், பெற்ற பெண்ணிடம்கூட. முயலின் கால் அவள் விரல்களுக்குள் துடித்தது, பிடியைத் தளர்த்திக்கொண்டாள்.

"விளையாட்டுதான்," என்றாள். "ஆனா அதை எழுதினது நான். அந்தக் கடல் என்னோடது. வீட்டுக்குப் போய் இதை மட்டும் சொல்லு."

பிள்ளை அதை யோசித்துப் பார்த்தது. பிறகு, "முயலுக்கு வலிக்குமா?" என்று கேட்டது.

"வலிக்காது. காலைப் பிடிச்சுக்கோ," என்றாள் ரோனா. அடுத்த நகத்தை வெட்டினாள்.